ரயில் நிலையத்துக்கும் ரோப்காருக்கும் நடுவே

இத்தாலியின் டோலமைட்ஸ் மலைகளுக்குள் இருக்கும் கொர்தினா, 1956இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய ஊர். அன்று அங்கே ரயில் ஓடியது. கலால்ட்ஸோவில் தொடங்கி, கொர்தினா வழியாக டொப்பியாக்கோ வரை சுமார் 65 கிலோமீட்டருக்குப் போட்ட குறுகிய பாதை அது, 1921இல் திறக்கப்பட்டது. போட்டிகளைப் பார்க்க வந்தவர்களில் பலர் அந்தச் சிறு ரயிலில்தான் வந்து இறங்கினார்கள். எட்டே ஆண்டுகளில், 1964இல், பாதையை மூடிவிட்டார்கள். தண்டவாளம் கிடந்த இடம் இன்று சைக்கிள் பாதை. மிலானோடு சேர்ந்து 2026 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் வாய்ப்பு 2019இல் கொர்தினாவுக்குக் கிடைத்தபோது, பழைய ரயில் நிலையக் கட்டடம் பேருந்து நிலையமாகியிருந்தது. வெனிஸ் பக்கமிருந்து வருகிறவர் மெஸ்த்ரே நிலையத்தில் இறங்கி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மலைச்சாலையில் பேருந்தில் போக வேண்டும். இல்லாவிட்டால் கலால்ட்ஸோ வரை ரயிலில் போய், மிச்சமிருக்கும் 35 கிலோமீட்டருக்கு வேறு பேருந்து பிடிக்க வேண்டும். இடையில் பணமும் வந்தது, புகழும் வந்தது, பொறியியலும் எங்கோ வளர்ந்துவிட்டது. கார் இல்லாமல் அந்த ஊருக்குப் போவது மட்டும் 1956இல் இருந்ததைவிடச் சிரமமாகிவிட்டது.

ஆல்ப்ஸின் பனிச்சறுக்கு ஊர்கள் பலவற்றுக்கு இதே குறை உண்டு, அளவுதான் வேறு. பாரிஸ், மியூனிக், மிலான், சூரிக் போன்ற நகரங்களிலிருந்து மலையடிவாரம் வரை நல்ல ரயில் இருக்கிறது. ஊரிலிருந்து சிகரத்துக்கு ஓயாமல் ஆள் ஏற்றும் ரோப்கார் இருக்கிறது. நடுவில் ஐந்தோ பத்தோ முப்பதோ கிலோமீட்டர் யார் பொறுப்பிலும் இல்லாமல் கிடக்கிறது. ரயில்வேயின் வேலை நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. ரோப்கார் நிறுவனத்தின் வேலை டிக்கெட் கவுன்டரில்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளியைப் பயணி தன் காரை வைத்து நிரப்பிக்கொள்கிறார். கடைசிப் பத்து கிலோமீட்டருக்குக் கார் வேண்டும் என்று ஆனபின், அதற்கு முந்தைய ஐந்நூறு கிலோமீட்டரையும் அவர் காரிலேயே வருவதில் என்ன வியப்பு? அந்தக் கடைசித் துண்டைச் சறுக்கு ஊரின் சொந்த உடைமையாக, அதன் ரோப்கார் கோபுரங்களுக்கும் செயற்கைப் பனி இயந்திரங்களுக்கும் சமமான உடைமையாகக் கணக்கில் கொண்டுவர வேண்டும். செலவை அந்தத் தொழில் ஏற்க வேண்டும். கால அட்டவணையை அரசு அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

இதில் இவ்வளவு அழுத்தம் தேவையா என்று கேட்கலாம். சறுக்கு ஊர்களின் சுற்றுச்சூழல் பாதிப்பு என்றதும் பலரும் செயற்கைப் பனியைத்தான் சொல்வார்கள். இரவெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரங்கள் கண்ணில் படுகின்றன அல்லவா? பிரெஞ்சு மலை ஊர்களின் கார்பன் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, மொத்த வெளியேற்றத்தில் பாதிக்கும் மேல் விருந்தினர்கள் வந்து போகும் பயணத்திலிருந்தே வருவது தெரிந்தது. ரோப்கார்களுக்கும் சறுக்குத்தடப் பராமரிப்புக்கும் அதில் மிகச் சிறிய பங்குதான். ஆல்ப்ஸ் மலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கின்றன; உலக சராசரியைப் போல இது சுமார் இரு மடங்கு. ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு ஊர்களை ஆராய்ந்து 2023இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வெளியான ஆய்வின்படி, உலக வெப்பம் 2 டிகிரி கூடினால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் அவற்றில் 53 சதவீதம் மிகக் கடுமையான பனித் தட்டுப்பாட்டு அபாயத்தில் சிக்கும். 4 டிகிரி கூடினால் 98 சதவீதம். பனியை நம்பியே பிழைக்கும் தொழில் இது. தன் வாடிக்கையாளர் எதில் வருகிறார் என்பதை வாடிக்கையாளரின் தனிப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிட இந்தத் தொழிலால் முடியாது.

எந்த ஊர் எந்தக் காலத்தில் பிறந்தது என்பதைப் பார்த்தாலே நிலைமையில் பாதி விளங்கிவிடும். டாவோஸுக்கு 1890இல் ரயில் வந்தது. விஸ்ப்–செர்மாட் பாதை 1891இல் திறக்கப்பட்டது. நம் ஊட்டி மலை ரயிலில் இருக்கும் அதே ஆப்ட் பல்சக்கர முறைதான் அங்கேயும். 1904இல் ஆல்புலா பாதை செயின்ட் மோரிட்ஸை எட்டியது. ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டன், 1884இல் திறந்த ஆர்ல்பெர்க் சுரங்கத்தின் வாயிலில், முதன்மை ரயில் பாதையிலேயே இருக்கிறது. இங்கெல்லாம் ரயில் முதலில் வந்தது, சறுக்கு விளையாட்டு அதற்குப் பின் வளர்ந்தது. பிரான்ஸில் கதை வேறு. 1960களிலும் 70களிலும் அரசே திட்டமிட்டு, கிராமங்களை விட்டு விலகி, உயரமான வெற்றுச் சரிவுகளில் புது ஊர்களைக் கட்டியது. லா பிளாஞ் 1961இல் வந்தது, லே ஆர்க் 1968இல் வந்தது, வால் தோரன்ஸ் 1970களின் தொடக்கத்தில் வந்தது. கட்டட வாசலிலிருந்தே சறுக்கிப் போகலாம் என்பதுதான் அந்த ஊர்களின் கவர்ச்சி. கார் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த காலம் என்பதால், அந்த வாசல் வரை விருந்தினர் எப்படி வருவார் என்ற கேள்வியே எழவில்லை. சுவிஸ்காரர் இயல்பிலேயே ரயில் பிரியர், பிரெஞ்சுக்காரர் இயல்பிலேயே கார் பிரியர் என்று பேசுவதில் பொருளில்லை. எது முதலில் கட்டப்பட்டதோ, பழக்கம் அதன் பின்னால் போயிருக்கிறது.

பிரெஞ்சு ஆல்ப்ஸின் தாரான்தேஸ் பள்ளத்தாக்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். உலகின் மிகப் பெரிய சறுக்கு ஊர்கள் சில அந்த ஒரே பள்ளத்தாக்கின் இரு பக்கமும் இருக்கின்றன. உள்ளே போக ஒரு சாலை, ஒரு ரயில் பாதை. டிஜிவி அதிவேக ரயில்கள் பாரிஸிலிருந்து மூத்தியே, ஏம், புர்-சான்-மோரிஸ் நிலையங்களுக்கு நேராகவே ஓடுகின்றன. ஆக ரயில் இல்லை என்று சொல்ல முடியாது. சிக்கல் சனிக்கிழமையில் இருக்கிறது. விடுமுறை அடுக்ககங்கள் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடப்படுகின்றன. ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே மணிக்கு, பள்ளத்தாக்கு முழுவதும் காலியாகி மறுபடி நிரம்புகிறது. 2014 டிசம்பர் 27, இப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, பனியும் கொட்டியது. அந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் சவ்வா மாவட்டத்தில் சுமார் 15,000 வாகனங்கள் சாலையில் சிக்கின. பள்ளிக்கூடங்களையும் அரங்கங்களையும் திறந்து மக்களை இரவு தங்கவைக்க வேண்டியதாயிற்று. சாலையை அகலப்படுத்துங்கள் என்ற குரல் இதற்குப் பிறகு எழுவது இயல்பு. ஆனால், கிறிஸ்துமஸ் முதல் ஏப்ரல் வரை பதினைந்து பதினாறு சனிக்கிழமைகளுக்காக மலையைக் குடைந்து சாலை போடுவது எப்படி வீணோ, அந்த நாட்களுக்காக மட்டும் ரயில் பெட்டிகளை வாங்கி வைப்பதும் அப்படித்தான் வீண். ரயில்வே இதைச் சொல்லும்போது அதில் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் ரயிலைப் பற்றிய பேச்சை வாடகை நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பிரான்ஸ் பள்ளி விடுமுறையை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, பிப்ரவரி–மார்ச் விடுமுறையை நான்கு வாரங்களுக்குப் பரப்பி வைத்திருக்கிறது. நாடு முழுவதும் குழந்தைகளின் விடுமுறையைத் தள்ளிவைக்க முடிகிற அரசுக்கு, அடுக்கக வாடகையை ஞாயிறுக்கும் புதனுக்கும் பிரித்துவிடச் சொல்வது முடியாத காரியமா? வாரத்தில் மூன்று நாட்களுக்குப் பரவினால் அதே ரயில்கள் மும்மடங்கு பயன்படும். அதே பேருந்து ஓட்டுநருக்கு வாரம் முழுவதும் வேலை இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் ரயில்களுக்கும் இது பொருந்தும். லண்டனிலிருந்து புர்-சான்-மோரிஸுக்கு யூரோஸ்டார் 1997 முதல் நேரடிப் பனி ரயில் ஓட்டியது. கோவிட் காலத்தில் நின்ற அந்தச் சேவை, 2023 டிசம்பரில் லீல் நகரில் ரயில் மாறிப் போகும் சேவையாகத்தான் திரும்பியது. வாரத்துக்கு ஓரிரு முறை, குளிர்காலத்தில் மட்டும் ஓடும் ரயிலை எந்த நிறுவனமும் முதலில் வெட்டத்தான் பார்க்கும். இதே பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கு 2030 குளிர்கால ஒலிம்பிக் வழங்கப்பட்டிருக்கிறது. போட்டி நடக்கும் இரண்டு வாரத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுவது எளிது. போட்டி முடிந்த பிறகு வரும் சாதாரண பிப்ரவரிக்கு என்ன மிஞ்சும் என்பதை இப்போதே கேட்டாக வேண்டும்.

வேகமான ரயில் வந்தால் எல்லாம் சரியாகும் என்பது இன்னொரு நம்பிக்கை. சுவிட்சர்லாந்து இதற்கு நேர் எதிரான பாதையில் போய் வென்றது. 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற ‘ரயில் 2000’ திட்டத்தின் அடிப்படை, ரயில் முடிந்தவரை வேகமாகப் போக வேண்டும் என்பதில்லை. இணைப்பு தவறாத அளவுக்கு வேகமாகப் போனால் போதும் என்பது. முக்கிய நிலையங்களில் எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேர வேண்டும், மணி அடித்த சற்று நேரத்தில் எல்லாத் திசைக்கும் கிளம்ப வேண்டும். அதற்கு இரு சந்திப்புகளுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டம் இருந்தாக வேண்டும். சூரிக்–பெர்ன் இடையே அது இல்லை. ஆகவே, சுமார் 45 கிலோமீட்டர் புதுப் பாதை போட்டு ஒரு மணி நேரத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். 2004 டிசம்பரில் புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அட்டவணையை முதலில் எழுதி, அதற்கு என்ன கட்ட வேண்டுமோ அதை மட்டும் கட்டியிருக்கிறார்கள். 2007இல் 34.6 கிலோமீட்டர் நீள லோட்ஷ்பெர்க் அடிவாரச் சுரங்கம் திறந்தபோது, ரோன் பள்ளத்தாக்கில் அதுவரை கவனிப்பாரற்ற விஸ்ப் என்ற சிறு ஊர் பெரிய சந்திப்பாக மாறியது. பெர்னிலிருந்து அங்கே வரும் நேரம் பாதியாகி, ஒரு மணிக்கும் கீழே வந்தது. சூரிக் ரயில் வந்து நின்றதும் அதே நிலையத்தில் செர்மாட் போகும் சிவப்பு மீட்டர்கேஜ் ரயில் காத்திருக்கும். மாறுவதற்கு நேரம் சில நிமிடங்கள். மணிக்கு மணி இதே ஒழுங்கு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததில் போகலாம் என்ற நிச்சயம், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைவிடப் பயணிக்குப் பெரிதாகப் படும்.

செர்மாட்டில் பெட்ரோல், டீசல் காருக்கு அனுமதி இல்லை. காரில் வருகிறவர் ஐந்து கிலோமீட்டர் கீழே, டேஷ் கிராமத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். அங்கே சுமார் 2,100 கார்கள் நிற்கும் கூரையிட்ட நிறுத்துமிடம் இருக்கிறது. அதன் மடியிலேயே ரயில் நடைமேடை. இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில், பன்னிரண்டு நிமிடப் பயணம். விமான நிலையங்களில் இருப்பது போன்ற தள்ளுவண்டியில் பெட்டிகளையும் சறுக்குப் பலகைகளையும் ஏற்றி, அந்த வண்டியை அப்படியே ரயிலுக்குள் உருட்டிக்கொண்டு போகலாம். பெட்டியின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டம். செர்மாட்டில் இறங்கினால் வாசலில் சிறிய மின்சார டாக்சிகள். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. கையில் சாமானோடும் குழந்தையோடும் வரும் மனிதர் எங்கே தடுமாறுவார் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சறுக்கு ஊர்களின் போக்குவரத்துத் திட்டங்களில் அரிதாகக் காணப்படும் யோசனை அது.

ரயில் பாதை ஊருக்குள் போகாத இடங்களிலும் இந்த இணைப்பைச் சாதித்திருக்கிறார்கள். இத்தாலியின் தெற்குத் தீரோல் மாகாணத்தில், புஸ்டர் பள்ளத்தாக்கின் பெர்கா என்ற இடத்தில், 2011 டிசம்பரில், ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையில் புதிதாக ஒரு நிறுத்தத்தையும் அதன் தலைக்கு மேலேயே ரோப்கார் நிலையத்தையும் கட்டினார்கள். ரயிலை விட்டு இறங்கியவர் சாலையைக் கடக்காமல், பேருந்துக்குக் காத்திருக்காமல், 2,275 மீட்டர் உயர க்ரோன்பிளாட்ஸ் உச்சிக்கு ஏறிவிடலாம். அதே பாதையில் கிழக்கே ஃபியர்ஷாக்கிலும் பின்னர் இதுபோல் ஒரு நிறுத்தம் வந்தது. ஆக இரண்டு சறுக்குப் பகுதிகளை ரயிலே இணைக்கிறது. மலையைக் குடையவில்லை, புதுத் தண்டவாளம் போடவில்லை. பிரான்ஸிலும் ஒரு முன்னுதாரணம் 1989 முதல் இருக்கிறது. புர்-சான்-மோரிஸ் ரயில் நிலையத்திலிருந்தே, நாம் பழநியில் விஞ்ச் என்று சொல்வோமே, அந்த வகைக் கம்பிவட வண்டி ஏழு நிமிடத்தில் லே ஆர்க்கைச் சேர்ந்த ஆர்க் 1600க்கு ஏற்றிவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் வெர்பியேவுக்கு ல ஷாப்லே ரயில் நிலையத்தின் பக்கத்திலிருந்தே ரோப்கார் ஏறுகிறது. கிரின்டெல்வால்டில் 2020இல் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் ரோப்காருக்காக, ரயில் பாதையில் ‘டெர்மினல்’ என்று தனி நிலையமே கட்டினார்கள். இந்த முன்னுதாரணங்கள் இருக்கும்போது, மற்ற ஊர்களால் ஏன் செய்ய முடியவில்லை என்பதற்கு மலையைக் காரணம் காட்டுவது எடுபடாது.

பணம் யார் கொடுப்பது என்பதில்தான் நெருடல். ஒரு ரோப்கார் நிறுவனம் புதிய ரோப்காருக்குக் கோடிக்கணக்கில் யூரோவைத் தயங்காமல் போடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து வரும் பேருந்தைப் பஞ்சாயத்தின் தலையிலோ மாநிலத்தின் தலையிலோ கட்டிவிடுகிறது. அந்தப் பேருந்தில் வரும் ஒவ்வொருவரும் அதன் டிக்கெட் வாங்கப் போகிறவர்தான். ஆஸ்திரியாவின் தீரோல் மாநிலத்தில் இருக்கும் செர்ஃபவுஸ் என்ற கிராமத்தைப் பாருங்கள். 1985இல் அங்கே தெருவுக்கு அடியில் 1.28 கிலோமீட்டருக்குச் சுரங்க ரயில் போட்டார்கள். காற்று மெத்தையின் மேல் மிதந்து, வடத்தால் இழுக்கப்படும் வண்டி, நான்கு நிறுத்தங்கள், கட்டணம் கிடையாது. ஊர் முகப்பில் நிற்கும் கார்களுக்கும் மறுமுனையில் இருக்கும் ரோப்காருக்கும் இடையே விருந்தினரை அது கொண்டுபோகிறது. சில ஆயிரம் பேர்கூட இல்லாத கிராமம் இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தெருவில் கார் ஊராமல் இருப்பது தன் வியாபாரத்துக்கே நல்லது என்று அது கண்டுகொண்டதுதான். வந்த கார் ஊர் முகப்பில்தானே நிற்கிறது, வராமல் போகவில்லையே என்பது சரியான குறை. அதே உழைப்பு லாண்டெக் ரயில் நிலையம் வரை நீண்டிருந்தால் அந்தக் குறையும் தீர்ந்திருக்கும். சால்ஸ்புர்க் மாநிலத்தின் வெர்ஃபென்வெங் இன்னும் ஒரு படி மேலே போனது. ரயிலில் வந்தவருக்கும், காரில் வந்தாலும் சாவியை ஒப்படைத்துவிட்டவருக்கும் தங்கும் நாள் முழுவதும் ஊர் வண்டிகளும் மின்சாரக் கார்களும் கிடைக்க வழிசெய்தது. தெற்குத் தீரோலில் விடுதி விருந்தினருக்குக் கிடைக்கும் அட்டையைக் காட்டி அந்த மாகாணத்தின் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். ஆகவே, ரோப்கார் சீட்டின் விலைக்குள்ளேயே நிலையத்திலிருந்து வரும் பயணத்தைச் சேர்ப்பது கற்பனைத் திட்டம் அல்ல. எல்லாரும் கொடுத்துவிடும் காசு என்றால் பேருந்து காலியாக ஓடாது. காரில் வருகிறவரும் அதற்கான விலையில் ஒரு பங்கைச் சுமப்பார்.

குடும்பத்தோடு போகிறவரின் கணக்கு இதற்குள் அடங்காது என்பார்கள். அந்த ஆட்சேபம் வலுவானது. காருக்குள் நான்கு பேர் உட்கார்ந்தாலும் எண்ணெய்ச் செலவும் சுங்கமும் ஒன்றுதான்; ரயிலில் தலைக்கு ஒரு சீட்டு. காருக்குக் கட்டிய காப்பீடும் அதன் தேய்மானமும் வீட்டுக் கணக்கில் ஏற்கனவே செலவாகிப் போனவை என்பதால், விடுமுறைச் செலவில் யாரும் அவற்றைச் சேர்ப்பதில்லை. இங்கே ஒழுக்கம் பேசிப் பயனில்லை. கட்டணத்தைத்தான் மாற்ற வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கு 30 பிராங்க் கட்டி அட்டை வாங்கினால், 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெற்றோரில் ஒருவரோடு ஆண்டு முழுவதும் இலவசமாகப் போகலாம். ஆஸ்திரியா 2021 அக்டோபரில் 1,095 யூரோவுக்கு நாடு முழுவதற்குமான ஆண்டுச் சீட்டைக் கொண்டுவந்தது. விலை பின்னர் ஏறியிருந்தாலும், அதை வைத்திருப்பவருக்கு மலைக்குப் போகும் ஒவ்வொரு பயணமும் கைக்காசு இல்லாத பயணம்தான், கார் ஓட்டுகிறவரின் மனக்கணக்கைப் போலவே. சாமானைப் பொறுத்தவரை, சறுக்குப் பலகையும் காலணியும் எல்லா ஊர்களிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. சுவிஸ், ஆஸ்திரிய ரயில்வேக்கள் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்து விடுதியில் சேர்க்கும் சேவையையும் நடத்துகின்றன. தீராமல் இருப்பது எல்லை தாண்டும் சீட்டு. இரண்டு நாட்டு ரயில்களுக்குத் தனித்தனிச் சீட்டு வாங்கியவர், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், மாலை நேரத்தில் ஏதோ ஓர் எல்லை நகரத்தில் நிற்க வேண்டிவரும். ஜெர்மனியிலிருந்து மிகத் தாமதமாக வரும் ரயில்களைத் தன் அட்டவணையைக் காப்பாற்றிக்கொள்ள சுவிஸ் ரயில்வே பாசெலிலேயே நிறுத்திவிடுகிறது. அதன் பக்கம் நியாயம் இருந்தாலும், தூங்கும் குழந்தையை எழுப்பி அடுத்த நடைமேடைக்கு ஓடும் தாய்க்கு அது ஆறுதல் தராது. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டு, ஒரே பொறுப்பு என்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்காதவரை இந்தக் குடும்பம் காரில்தான் வரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பனி கொட்டினால் ரயிலும்தானே நிற்கும் என்பது அடுத்த கேள்வி. நிற்கும். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் செர்மாட்டின் ரயில் பாதையும் சாலையும் மூடப்பட்டு, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் உள்ளேயே இருந்தார்கள். ஹெலிகாப்டரில் சிலரை டேஷுக்கு இறக்கினார்கள். ஆனால் அந்த நாளையும் சவ்வாவின் 2014 டிசம்பர் இரவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மக்கள் விடுதி அறையில் காத்திருந்தார்கள். மற்றதில் குழந்தைகளோடு சாலையில் காருக்குள் காத்திருந்தார்கள். ரயில் பாதையை மூடினால் ஒரே ஒரு கட்டுப்பாட்டு அறை அதை எல்லாருக்கும் சொல்லிவிடும். ஆயிரக்கணக்கான கார்களைக் கிளம்பாதே என்று நிறுத்த அப்படி எந்த அறையும் கிடையாது.

சுவிட்சர்லாந்து பணக்கார நாடு, அதை எல்லாருக்கும் அளவுகோலாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் மெரானோ–மால்ஸ் பாதையைப் பார்க்க வேண்டும். தெற்குத் தீரோலின் ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் ஓடும் 60 கிலோமீட்டர் கிளைப்பாதை அது. நஷ்டம் என்று சொல்லி இத்தாலிய ரயில்வே கைவிட்டதை, மாகாண அரசு தன் பொறுப்பில் எடுத்து 2005இல் மறுபடி திறந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் ஏறினார்கள். பிறகு மின்மயமாக்கும் வேலையையும் தொடங்கினார்கள். கொர்தினாவின் பாதையை எடுத்த அதே இத்தாலிதான் இது. சுவிட்சர்லாந்தும் குறையற்ற நாடு இல்லை. கிரின்டெல்வால்ட் டெர்மினலில் ரயில் நிலையத்தோடு சுமார் ஆயிரம் கார்களுக்கு நிறுத்துமிடமும் கட்டியிருக்கிறார்கள். ரயில் வசதி இருக்கும் ஊருக்கும் காரில் வருகிறவர்கள் அங்கே கணிசம். புதிதாக இவ்வளவு பெரிய நிறுத்துமிடம் கட்டும் ஊர், கூடவே ஓடும் ரயிலுக்குத் தானே போட்டியை உருவாக்குகிறது. இணைப்பை நன்றாகச் செய்வது பாதி வேலை. நிறுத்துமிடத்தை வளர்க்காமல் விடுவது மறுபாதி. அந்த மறுபாதியில் சுவிஸ் ஊர்களும் சறுக்கியிருக்கின்றன.

காரைக் கட்டுப்படுத்துவது சுதந்திரத்தைப் பறிப்பது என்ற வாதத்தைத் தீரோலில் இன்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2019 முதல் அந்த மாநிலம் நெரிசல் மிகுந்த வார இறுதி நாட்களில், கடந்து போகும் கார்கள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிராமத் தெருக்களில் குறுக்கு வழி தேடுவதைத் தடை செய்திருக்கிறது. பக்கத்துப் பவேரிய அரசியல்வாதிகள் கொதித்தார்கள். செல்பேசி காட்டிய குறுக்கு வழியில் நூற்றுக்கணக்கான கார்கள் வந்து நின்றபோது, அந்தத் தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் போன கிராமத்தாரின் சுதந்திரமும் கணக்கில் வர வேண்டும்தானே? தடை மட்டும் போட்டுவிட்டு மாற்று வழியைக் கொடுக்காமல் விட்டால் அது கோபத்தைத்தான் வளர்க்கும். ஹாம்பர்க்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இரவு ஏறி, காலையில் இன்ஸ்ப்ரூக்கில் இறங்க ஆஸ்திரிய ரயில்வே நைட்ஜெட் ரயில்களை விட்டிருக்கிறது. இறங்கியவருக்கு அங்கிருந்து மேலே போக அரை மணிக்கொரு பேருந்து உறுதியாக இருக்கும் ஊர்கள் எத்தனையோ, அத்தனை ஊர்களுக்குத்தான் அந்த இரவு ரயிலால் பயன்.

பேசப்படாத ஒரு தரப்பு மீதமிருக்கிறது: சறுக்கு ஊர்களில் வேலை செய்கிறவர்கள். பாத்திரம் கழுவுகிறவர், அறை சுத்தம் செய்கிறவர், ரோப்கார் வாசலில் சீட்டு பார்க்கிறவர் எல்லாருக்கும் மேலே வாடகை கட்டுபடியாகாது. பள்ளத்தாக்கில் தங்கி ஏறி இறங்குகிறார்கள். சுவிட்சர்லாந்தில் இன்று சுமார் 50,000 இலங்கைத் தமிழர்கள் வாழ்கிறார்கள். 1980களிலிருந்து அகதிகளாகப் போன அவர்களின் முதல் தலைமுறையில் பலர் வேலை தொடங்கியது விடுதி, உணவகச் சமையலறைகளில்தான். சமையலறை வேலை விருந்தினர் ரோப்காரிலிருந்து இறங்கும் நான்கு மணிக்கு முடிவதில்லை, அப்போதுதான் சூடு பிடிக்கிறது. பெரும்பாலான சறுக்குப் பேருந்துகளோ ரோப்கார் நின்ற சற்று நேரத்தில் ஓட்டத்தை முடித்துக்கொள்கின்றன. சுற்றுலாப் பயணியின் நாளை மட்டும் பார்த்து எழுதிய அட்டவணை, இந்த உழைப்பாளியையும் கடன் வாங்கியாவது கார் வாங்க வைக்கிறது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைச் சமையலறை மூடும் நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பனி உருகிய பின் வரும் மே, அக்டோபர் மாதங்களிலும் அந்தப் பேருந்து ஓட வேண்டும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் ஊர்க்காரருக்கு அந்த மாதங்களிலும் வேறு வழியில்லை. இந்தச் செலவையும் ரோப்கார் சீட்டிலேயே சேர்க்கலாம். அந்தச் சீட்டை விற்கும் ஊர் இவர்களை வைத்துத்தான் நடக்கிறது.